தமிழ்தானே என்று டிக் போட்டேன்

அறையில் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் பெருமைக்குத்தான். கேள்வித்தாளின் முதல் வரியில் ஆள்காட்டி விரலை வைத்து, ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தேன். மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துவிடும். திரும்பப் போய் விரலை வைப்பேன்.

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு காலேஜ். வெயில் காலம். மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பக்கத்து பேக்கரியில் பன் வேகும் வாசனை வந்தது. பி.யு.சி. இரண்டாம் வருஷத் தேர்வு, தமிழ்நாட்டு ப்ளஸ் டூ மாதிரி. அன்றைக்கு மொழிப் பாடம். ஆள் குறைவான மொழிகளையெல்லாம் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். அதில் தமிழ் எழுத வந்தவர்கள் மூன்று பேர். நான் மூன்றாவது.

எனக்கு முன் பெஞ்சில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். உள்ளே வரும்போதே, "அங்கிள், உங்க பொண்ணு எந்த ரூம்? பேரண்ட்ஸெல்லாம் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்" என்று அக்கறையாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. கல்யாணமாகி ஒன்றேகால் வருஷம். முன்தலை முடி மட்டும் அவசரப்பட்டு ரிட்டயர் ஆகியிருந்தது.

அந்தப் பெண் அரை மணி நேரத்தில் எழுந்து நின்று அடிஷனல் ஷீட் கேட்டாள்.

கண்காணிப்பாளர் மேடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு அப்படியே என்னிடம் வந்தார். என் வெள்ளைத் தாளைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார்.

"ஏன்ரீ, பென் இல்லவா?"

பேனா இருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னேன்.

"இன்னுமா?" என்றார் அவரும் கன்னடத்தில். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் தமிழ் படிக்க ஆரம்பித்தே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு நாற்காலி காலியாகிறது

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஷூ ஒட்டுகிற பசை விற்கும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் வேலையில் இருந்தேன். டெஸ்பாட்ச் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பார்சல் கட்டுவது, அரக்கு வைப்பது, தபால் தலை ஒட்டுவது, சைக்கிள் கேரியரில் வைத்து போஸ்ட் ஆபீசுக்குக் கொண்டுபோவது, இவ்வளவுதான். பசைக் கம்பெனியில் இருந்துகொண்டு தபால் தலையை எச்சில் தொட்டு ஒட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் பசை காகிதத்துக்கு ஒத்துக்கொள்ளாது.

ஒரு நாள் மேனேஜர் ராவ் சார் கூப்பிட்டார். தமிழில்தான் பேசுவார், ஆரம்பிப்பது மட்டும் கன்னடத்தில்.

"நோடப்பா சாமுவேல், அடுத்த ஜூன்லேருந்து பார்சல் எல்லாம் கொரியர்காரன் எடுத்துக்குவான். டெஸ்பாட்ச் செக்‌ஷனே கிடையாது."

"அப்போ நான் சார்?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். அதே ஜூன்ல கிளார்க் கோவிந்தப்பா ரிட்டயர் ஆகிறார். அந்தச் சேர்ல உன்ன உக்கார வெக்கலாம்னு பாக்கறேன். ஆனா ஹெட் ஆபீஸ் ரூலு, கிளார்க்குன்னா பி.யு.சி. பாஸ் இருக்கணும். நீ எவ்ளோ படிச்சிருக்கே?"

"எஸ்.எஸ்.எல்.சி. சார்."

"பி.யு.சி. எவ்ளோ வருஷம்?"

"ரெண்டு வருஷம் சார்."

"உன் கையில இருக்கறது ஒரு வருஷம். யோச்னை பண்ணு."

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். எஸ்தர் என் மனைவி, ஊர் ஆம்பூர். தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ முடித்தவள், அதுவும் முதல் தடவையிலேயே. எங்கள் வீட்டில் அதிகம் படித்தது அவள்தான். இதை அவள் அடிக்கடி சொல்ல மாட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை சொல்வாள்.

"ரெண்டு வருசத்துப் படிப்ப ஒரே வருசத்துலயா? நாங்க ரெண்டு வருசம் முழுசா படிச்சே மூச்சு வாங்கிச்சி. நீங்க பேப்பர்ல கிரிக்கெட்டு பக்கத்தையே ரெண்டு நாளு படிக்கற ஆளு."

"வேற வழி இல்ல எஸ்தர். பாஸானா சேரு, இல்லன்னா வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

"சரி, ஏதாவது டுட்டோரியல்ல சேருங்க," என்றாள். "வீட்டுல உக்காந்தா எனக்குத்தான் தொந்தரவு."

ஒரு பேப்பர் ஃப்ரீ

பிரேசர் டவுனில் ஒரு தையல்கடைக்கு மேலே அந்த டுட்டோரியல் இருந்தது. "இரண்டு வருட பி.யு.சி. ஒரே வருடத்தில்" என்று போர்டு. பிரின்சிபால், எகனாமிக்ஸ் வாத்தியார், ஹிஸ்டரி வாத்தியார், பியூன் எல்லாம் ஜப்பார் சார்தான். நல்ல மனுஷன். சாக்பீஸை உடைத்து உடைத்து, விரல் நகமும் போர்டில் உரசும் வரைக்கும் எழுதுவார்.

"முதல் வருஷம்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடுங்க மியா," என்றார். "பிரைவேட்டா நேரா செகண்ட் பி.யு. எழுதறோம். ஆறு பேப்பர். ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பாலிடிக்ஸ், சோஷியாலஜி, இங்கிலீஷ். அப்புறம் இன்னொரு லேங்குவேஜ். என்ன போடறது? கன்னடாவா?"

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கன்னடம் இரண்டாவது மொழி. அதில் முப்பத்தேழு மார்க் வாங்கியது எப்படி என்று எனக்கும் தெரியாது, திருத்தியவருக்கும் தெரியாது. அதுவும் பி.யு.சி.யில் பழைய கன்னடக் கவிதை வரும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

"தமிழ் இருக்கா சார்?"

"க்யோன் நை? ஏன் இருக்காது? உங்க மதர் டங் தானே? வீட்டுல, கடையில, சண்டையில எல்லாம் அதுதானே பேசறீங்க. போடுங்க டிக். ஒரு பேப்பர் ஃப்ரீ!"

ஆறு பேப்பரில் ஒன்று ஃப்ரீ. ஐந்து படித்தால் போதும். சந்தோஷமாக டிக் போட்டேன். படியிறங்கும்போது விசில்கூட அடித்தேன்.

பெங்களூரில் பிறந்து வளர்ந்த எங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் தமிழிலேயே பேசுவோம், தமிழிலேயே கனவு காண்போம், தமிழுக்கு ஒன்று என்றால் கோபம் வரும். படிக்கச் சொன்னால் மட்டும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். ஸ்கூலில் இங்கிலீஷ், பஸ் போர்டில் கன்னடம். தமிழ் எழுத்து வேண்டிய இடமே எங்களுக்கு வரவில்லை. சிவாஜி நகர் சினிமா போஸ்டரில் நடிகர் முகத்தைப் பார்த்து அவர் பெயரைப் படித்துவிடுவேன். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவேன். பக்கத்தில் இருப்பவர் எப்போது பக்கம் திருப்புகிறாரோ, நானும் திருப்புவேன். இருபத்தேழு வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானே கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. டிக் போடும்போது எனக்குத் தமிழ் தெரியும் என்று மனசார நம்பினேன்.

தமிழ்ப் பாடத் திட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. மொழியை மாற்ற முடியுமா என்று அடுத்த வாரமே போய்க் கேட்டேன். "ஃபாரம் போயிடிச்சு மியா," என்றார் ஜப்பார் சார். "அரே, உங்களுக்கும் படிக்க வராதா? நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்."

அச்சகத்தின் முகவரி

அவென்யூ ரோட்டில் பழைய தமிழ்ப் பாடப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டையில் யாரோ ஒருவன் பேனாவால் மீசை வரைந்திருந்தான். அதைத் தினமும் சாயங்காலம் மடியில் விரித்துக்கொண்டு உட்காருவேன். பக்கத்தை உற்றுப் பார்ப்பேன். தலையை ஆட்டுவேன். நடுநடுவே ஒரு பெருமூச்சு. எஸ்தர் சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தால் பெருமூச்சு இரண்டாகும்.

மனைவியிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆறு மாதத்துக்கு முன் கல்யாணம் செய்துகொண்டவள். "தாய்மொழி படிக்கத் தெரியாத ஆளையா கட்டிக்கிட்டோம்" என்று நினைத்துவிட்டால்? எழுத்துகளை நானே ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"இன்னாங்க படிக்கறீங்க?"

"செய்யுள். ரொம்ப ஆழமா இருக்கு."

"இந்தப் பக்கமா?"

"ஆமா. ஒவ்வொரு வரியும் யோசிக்க வேண்டியிருக்கு."

எஸ்தர் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, மூணு நாளா இதே பக்கத்தத்தான் தொறந்து வெச்சிருக்கீங்க. இது புஸ்தகம் அச்சடிச்ச பிரஸ்ஸோட அட்ரஸுங்க."

நான் புத்தகத்தை மூடினேன். வேறென்ன செய்ய? தெருவில் காய்கறிக்காரர் முள்ளங்கி, முள்ளங்கி என்று கத்திக்கொண்டு போனார். அவரை நிறுத்தி ஏதாவது வாங்கலாமா என்று யோசித்தேன்.

"உங்களுக்குத் தமிழ் படிக்க வராதா?"

"சுமாரா வரும்."

"எவ்ளோ சுமாரா?"

"அ, ஆ தெரியும். உங்க ஊரு பேரோட மொத எழுத்து வரைக்கும் தெரியும்."

அவள் முகத்தில் ஏதோ ஓடியது. கணக்குப் போடுகிற முகம். "ஒரு நிமிசம். நம்ம கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப யாரு பாத்தது?"

இந்தத் தொடரில் போன வாரம் வந்த கல்யாண அத்தியாயத்தில், பத்திரிகையில் என் மாமனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அச்சாகிவிட்டதையும், அவர் மணமேடைக்குப் பக்கத்தில் திடகாத்திரமாக நின்று எல்லாருக்கும் தான் உயிரோடு இருப்பதை விளக்கிக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தேன். பழியை அச்சகத்துக்காரர் மேல் போட்டிருந்தேன். அதற்கு இந்த வாரம் திருத்தம். ப்ரூஃபை ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்து, தலையை ஆட்டி, 'சரி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அடியேன்தான்.

"அப்போ எங்க அப்பாவ சாகடிச்சது நீங்கதானா?"

"தெரிஞ்சு செய்யல எஸ்தர்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரிப்பு. வெங்காயக் கண்ணீரும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு அம்மா என்ன ஆச்சு என்று வந்து கேட்கும் வரைக்கும் சிரித்தாள்.

டப்பா பாடம்

மறுநாள் காலையில் எழுந்து காப்பி போடப் போனேன். வீட்டில் காலைக் காப்பி என் பொறுப்பு. அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறி இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. தமிழில்.

"படிச்சிட்டுப் போடுங்க," என்று படுக்கையில் இருந்தே குரல் வந்தது.

எல்லாமே ஒரே மாதிரித் தகர டப்பாக்கள். மூடியைத் திறந்து பார்க்கலாம் என்றால் சர்க்கரையும் உப்பும் பார்க்க ஒன்றுதான். நக்கிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு நாங்கள் குடித்ததைக் காப்பி என்று சொல்ல முடியாது. எஸ்தரும் குடித்தாள், முகம் சுளிக்காமல். "தப்பாப் படிச்சா ரெண்டு பேருக்கும்தான் தண்டனை," என்றாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காகிதங்கள் மாறும். உளுத்தம்பருப்பும் துவரம்பருப்பும் வந்தன. பிறகு டப்பாவுக்குள் இருப்பதோடு, எந்தக் கடையில் வாங்கியது, எப்போது தீரும் என்று முழு வாக்கியங்கள். தீபாவளிக்குள் எனக்கு மளிகைச் சாமான் முழுக்க வாசிக்க வந்துவிட்டது. ஆனால் பாடப் புத்தகத்தில் பருப்பைப் பற்றி ஒரு கவிஞரும் பாடியிருக்கவில்லை.

அதற்கும் எஸ்தர் வழி வைத்திருந்தாள். "உங்களுக்குக் கண்ணு மக்கு. காது நல்லாத்தான் இருக்கு," என்றாள். செய்யுளை அவள் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். சர்ச்சில் பாட்டு ஏறின அதே வழியில் எல்லாம் ஏறியது. பிறகு அதையே எழுதிக் காட்டச் சொல்வாள். அங்கேதான் வண்டி நிற்கும்.

மற்ற ஐந்து பாடங்கள்? அவற்றை ரயில்வே கேட்டில் படித்தேன். லிங்கராஜபுரத்தில் அப்போது மேம்பாலம் கிடையாது. கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று கேட்கீப்பருக்கே தெரியாது. சைக்கிளில் இருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஹேண்டில்பாரில் நோட்டை வைத்துப் படிப்பேன். கூட்ஸ் வண்டி வந்தால் ஒரு முழுக் கேள்விக்கு விடை மனப்பாடமாகிவிடும். எகனாமிக்ஸில் நான் பாஸானதில் ரயில்வேக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தத் தொடரை உண்மையிலேயே நான்தான் எழுதுகிறேனா என்று சில வாசகர்களுக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கும். நான்தான். எஸ்தரைக் கேட்டால், "ஆமாம், அவரேதான். இல்லன்னா இவ்ளோ வளவளன்னு இருக்குமா?" என்பாள்.

இரண்டே எழுத்து

தேர்வு அறைக்குத் திரும்புவோம்.

ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. செய்யுள் கேள்வி வந்திருந்தது. எனக்குத் தெரிந்த செய்யுள். வாய்க்கு முழுப் பாட்டும் வந்துவிட்டது. கைக்கு நான்கு வரிதான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு எழுத்தையும் எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. சின்னக் கேள்விகளில் முடிந்ததையெல்லாம் எழுதினேன். ஒரு கேள்வியைப் படிக்கவே முடியாமல் தாண்டினேன். விடை எழுதியவரைக்கும் மார்க்கைக் கூட்டிப் பார்த்தேன். எல்லாமே சரியாக இருந்தாலும் முப்பதைத் தாண்டாது. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

மற்ற ஐந்து பேப்பரும் எப்படியோ தேறிவிடும். இந்த ஒன்றில் போனால் எல்லாம் போச்சு. கோவிந்தப்பாவின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. அவனுக்கு நல்ல தலைமுடி இருந்தது.

மிச்சம் இருந்தது கட்டுரை. மூன்று தலைப்பு கொடுத்து ஒன்றுக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டும் ஒரு வரி நீளம். மூன்றாவது 'மழை'. இரண்டே எழுத்து. உடனே படித்துவிட்டேன். அதனாலேயே அதை எடுத்தேன்.

எஸ்தர் எனக்கு நான்கு கட்டுரை மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். அதில் மழை இல்லை.

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பார்சல் நனையும், அது தெரியும். அதையே எழுதினேன். ஒரு தடவை அல்சூர் ஏரிக்கரையில் மழை பிடித்துக்கொண்டது. கேரியரில் பன்னிரண்டு பார்சல். சட்டையைக் கழற்றிப் பார்சலுக்குப் போர்த்திவிட்டு, பனியனோடு போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் பார்சலை வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோது எஸ்தர் கூரை ஒழுகும் இடத்தில் எல்லாம் பாத்திரம் வைத்திருந்தாள். ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு மாதிரிச் சத்தம் போட்டது. இதை எல்லாம் எப்படிப் பேசுவேனோ அப்படியே எழுதினேன். வேறு தமிழ் எனக்குத் தெரியாது.

எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தவன் எப்போது தேடாமல் எழுத ஆரம்பித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பேப்பரை யாரோ இழுத்தார்கள். நான் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அதே மேடம்.

"பெல் ஆயித்துரீ! பிடிரி!" என்றார். மணி அடித்துவிட்டது, விடு என்று. அறையில் யாரும் இல்லை.

"ஒரே ஒரு லைன் மேடம்."

"ஆக பரீலில்லா, ஈக பிடல்லா," என்று சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டார். அப்போது எழுதவில்லை, இப்போது விடமாட்டேன் என்கிறாய் என்று அர்த்தம்.

ராவ் சார் மேசை டிராயர்

ரிசல்ட் வந்த அன்று ஜப்பார் சார் தையல்கடை வாசலிலேயே கையைப் பிடித்துக் குலுக்கினார். மார்க்ஸ் கார்டு கைக்கு வந்தபோது பார்த்தேன். ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பாலிடிக்ஸ், சோஷியாலஜி, இங்கிலீஷ் எல்லாம் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தமிழ் நாற்பத்து மூன்று.

எஸ்தர் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "யாரோ பேப்பர மாத்தித் திருத்திட்டாங்க," என்றாள். பிறகு அதை முந்தானையால் துடைத்தாள். அதில் ஒரு தூசியும் இல்லை.

திங்கட்கிழமை ராவ் சார் முன்னால் வைத்தேன். மொத்த மார்க்கை அவர் பார்க்கவே இல்லை.

"தமிழ் லேங்குவேஜா! நாற்பத்து மூணு! மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா?" என்று மேசை டிராயரை இழுத்தார். உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள். "ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. எல்லா ஷூ பார்ட்டியும் தமிழ்லயே எழுதறாங்க. கோவிந்தப்பாக்குப் படிக்க வராது. எனக்கும் வராது. ஒரு வருஷமா யாரும் பதில் போடல. இனிமே இது உன் டிபார்ட்மெண்ட்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி, கைப்பிடி வைத்தது. முதல் கடிதத்தைப் பிரித்தேன். அச்சு எழுத்தும் எஸ்தர் எழுத்தும் படித்துப் பழகியவன் நான். இது வாணியம்பாடி முதலாளி ஒருவர் அவசரத்தில் கிறுக்கியது. எழுத்தெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தது. மேலே அச்சடித்திருந்த கம்பெனி முகவரியை மட்டும் சரளமாகப் படித்தேன். முகவரி படிப்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

சாயங்காலம் ஐந்து கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எஸ்தர் படித்தாள். என்ன கேட்கிறார்கள் என்று சொன்னாள். என்ன பதில் எழுதலாம் என்று நான் சொன்னேன். "இப்படி எழுதினா அந்த மனுசன் கோச்சிக்குவாரு," என்று அவள் வேறு மாதிரி எழுதினாள். மறுநாளும் ஐந்து. அதற்கு மறுநாளும்.

நான்கு மாதம் கழித்து அந்த வாணியம்பாடி முதலாளி நேரில் ஆபீசுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பெட்டி மக்கன் பேடா. "யாருங்க இங்க சாமுவேல் சாரு? பசை ஒட்டலன்னு நான் கண்டபடி திட்டி எழுதினேன். அதுக்கு ஒரு பதில் போட்டிருந்தாரு பாருங்க, என் வீட்டுல எல்லாருக்கும் படிச்சிக் காட்டினேன். இவ்ளோ மரியாதையா எங்கிட்ட யாருமே பேசினதில்ல."

ராவ் சார் என் முதுகில் தட்டினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். குனியாமல் என்ன செய்வது?

அன்று சாயங்காலம் பேடாவை எஸ்தரிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு பேடாவை முழுசாகத் தின்று முடித்தாள்.

"அந்தப் பசை லெட்டரா?"

"அதேதான்."

"சரி. அப்போ நாளைலேருந்து மத்தியான சாப்பாட்டு கேரியர நீங்களே கட்டிக்கங்க. காலைல எனக்கு ஆபீஸ் வேல இருக்கு."

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்து, எலுமிச்சம்பழச் சாதம் கிளறி, கேரியரில் அடைத்தேன். எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து ராணிப்பேட்டைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.